கேள்வியைச் சுருக்குதல்

ஐந்நூறு சொற்களுக்குள் இருக்க வேண்டுமாம்.
குத்தாய்சியில் நவம்பர் மழை
மூன்று நாளாக விட்டபாடில்லை.
தலைப்பு மட்டும் ஏழு முறை மாறிவிட்டது.

கடை நோட்டுகளில் கடன், என்று தொடங்கியிருந்தேன்.
பேராசிரியர் ரமாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
இது தலைப்பு, கேள்வி எங்கே?
சுருக்கு, என்றார்.
சுருக்கினேன்.
இன்னும், என்றார்.

நான் கேட்க நினைத்தது இவ்வளவுதான்:
சியாலாவின் மளிகைக் கடையில்
ரொட்டித் தட்டுக்கு அடியில் கிடக்கிறதே
எண்ணெய்க் கறை படிந்த நோட்டு,
அதில் பணம் வராமலே
சில வரிகள் அடிக்கப்பட்டிருக்கின்றன.
எந்த நாளில் அடித்தாள்,
அடிக்கும்போது பேனா தயங்கியதா.

படிவத்தில் தயக்கத்துக்குக் கட்டம் இல்லை.
எதிர்பார்க்கும் முடிவுகளுக்கு உண்டு.
முடிவு தெரிந்தால் நான் ஏன் கிளம்பப் போகிறேன்
என்று எழுதி, அழித்து,
கொடுக்கல் வாங்கலின் சமூக இழைகள் துலங்கும்
என்று நிரப்பினேன்.
பொய்யில்லை. உண்மை என்றும் சொல்ல முடியாது.

அடுத்தது ஒப்புதல் கடிதம்.
நோட்டிலுள்ள ஒவ்வொருவரிடமும் வாங்க வேண்டும்.
அதில் பெயர்களே இல்லை:
சிவப்புக் காரின் மனைவி
மூன்றாம் மாடி இருமல்
புதுத் தாடி
கிரீஸுக்குப் போனவளின் மாமியார்.
இருமலிடம் எப்படிக் கையெழுத்து வாங்குவது?
அந்த வரியில் மார்ச் மாதமே கோடு விழுந்துவிட்டது.
மூன்றாம் மாடி ஜன்னலும்
மார்ச்சிலிருந்து திறக்கவில்லை.

நேற்று இரவு,
கெடு முடிய மூன்று மணி நேரம் இருக்கையில்
பசித்தது.
இரண்டு ரொட்டி, ஒரு துண்டு உப்புப் பாலாடைக்கட்டி.
கார்டு மெஷின் மழையில் செத்துக் கிடந்தது.
சியாலா ஒன்றும் சொல்லவில்லை.
தட்டை நகர்த்தினாள், நோட்டை எடுத்தாள்.
தலைகீழாகப் படிப்பது எனக்குப் பழகிவிட்டது.

கேள்வி கேட்கிறவள். ஒன்பது நாற்பது.

இரண்டே சொல்லில் சுருக்கிவிட்டாள்.
ரமாஸுக்குக் காட்டியிருக்க வேண்டும்.

ஈரக் குடையோடு வந்து படிவத்தைத் திறந்தேன்.
ஆய்வாளருக்கு இதில் சொந்தத் தொடர்பு உண்டா?
மாலையில் இல்லை என்று குறியிட்டிருந்தேன்.
மாற்றினேன்.
விவரிக்கவும், என்றது, நூறு எழுத்துகளுக்குள்.
தொகையை எழுதினேன்.

நாளைக்கே கொடுத்துவிடலாம்.
கொடுக்காமல் இருந்து பார்த்தால்
அது ஆய்வு முறையா, திருட்டா?
இதை எந்தக் கட்டத்தில் கேட்பது
என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான்
கெடு முடிந்தது.