கார் மட்டும் வந்திருக்கிறது

ஆறேகாலுக்கு அவள் கார் வந்து நிற்கும்.
விளக்கு அணையும், என்ஜின் அணையும்.
கதவு மட்டும் திறக்காது.

சமையலறை ஜன்னலில் நின்றால் தெரியும்:
மூக்குக் கண்ணாடியைக் கழற்றி
ஸ்டியரிங்குக்கு முன்னால் வைப்பாள்.
பையிலிருந்து ஓர் ஆரஞ்சு.
தோல் அறுந்துவிடாமல்
ஒரே சுருளாக உரிக்கப் பார்ப்பாள்.
புன்தா அரேனாஸில் ஜூன் மாதம்.
காலை பத்து மணிக்கு வருகிற சூரியன்
ஐந்தரைக்கெல்லாம் போய்விட்டிருக்கும்.
ஜலசந்திக் காற்று காரைப் பிடித்து ஆட்டும்.
அவள் பாட்டுக்கு உரித்துக்கொண்டிருப்பாள்.

மிலென்காவுக்கு மின்சாரக் கம்பெனியில் வேலை.
புகார் கவுண்ட்டர், மூன்றாம் எண்.
போன மாதத்தைவிட எட்டாயிரம் பேசோ கூட என்று
பில்லை ஆட்டுவார் ஒருவர்.
"இருட்டில் குந்திக்கொண்டிருக்க
நான் என்ன பென்குயினா?" என்பார்
அவருக்குப் பின்னால் நிற்பவர்.
கவுண்ட்டர் கண்ணாடியில் பேசுவதற்கென்று
ஏழு துளைகள் போட்டிருக்கிறார்கள்.
அத்தனை வசவும் அதன் வழியாகத்தான் வரும்.
அவளுடைய "புரிகிறது ஐயா"வும்
அதே வழியில்தான் போயாக வேண்டும்.

முதல் குளிர்காலம் எனக்குச் சந்தேகம்.
யாருடனோ போனில் பேசுகிறாள்.
இல்லை, எங்கள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.
சூப் ஆறுகிறது,
தொமிங்கா கணக்கு நோட்டோடு நிற்கிறாள்,
இருபதடி தூரத்தில் உட்கார்ந்து
நிதானமாகப் பழம் உரிக்கிறாள் ஒருத்தி.
ஒரு நாள் வீட்டுச் செருப்போடு ஓடிப்போய்
கார்க் கண்ணாடியைத் தட்டினேன்.
இறக்கினாள். ஆரஞ்சு வாசனை முதலில் வந்தது.
"என்ன ஆச்சு?"
"ஒன்றுமில்லை, இவோ.
நான் இன்னும் வந்து சேரவில்லை.
கார் மட்டும்தான் வந்திருக்கிறது."
ஏற்றிக்கொண்டாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது.
அதை மறைத்து என்ன பயன்.

பிறகு ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை,
மகளுக்குக் காய்ச்சல் என்று
நேராக உள்ளே வந்தாள்.
கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
மருந்து கொடுத்தாள், ஈரத்துணி போட்டாள்,
பாத்திரம் கழுவினாள்.
எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது.
ஒன்பது மணிக்கு நான்
ரொட்டிக் கத்தி எங்கே என்று கேட்டேன்.
"புரிகிறது ஐயா" என்றாள் என்னிடம்.

ஏழு துளைக் குரல்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
அவள்தான் முதலில் சிரித்தாள்.
சிரிப்பு பாதி வழியில்
வேறு ஏதோ ஆகிவிட்டது.
குழாய் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது,
மூட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

காற்று உக்கிரமாக அடிக்கும் நாட்களில்
இந்த ஊரில் தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
பிடித்துக்கொண்டுதான் கடக்க வேண்டும்.
கயிற்றைப் பிடித்து நிற்பவரிடம்
கைவீசி நடந்தால் என்ன என்று
யாரும் கேட்பதில்லை.
நானும் அந்தக் கயிற்றைப் பிடித்துக் கடந்தவன்தான்.
இருந்தும் எனக்கு உறைக்க
இரண்டு குளிர்காலம் ஆயிற்று.

இப்போது ஜன்னல் திரையை இழுத்துவிடுகிறேன்.
சூப்பை முன்கூட்டிச் சுடவைப்பதில்லை.
"அம்மா எங்கே?" என்கிறாள் தொமிங்கா.
"வந்துகொண்டிருக்கிறாள்."
"கார் வந்துடுச்சே!"
"ஆமாம். கார் வந்துவிட்டது."

நேற்று மணிக்கு நூற்றுப் பத்துக் கிலோமீட்டர் காற்று.
பக்கத்து வீட்டுத் தகரம் ஒன்று
தெருவோடு இழுபட்டுப் போன சத்தம் கேட்டது.
வழக்கமாக நாலு நிமிடம், ஐந்து நிமிடம்.
நேற்று இருபது.
திரை வரைக்கும் போன கையை
இரண்டு தடவை திருப்பிக் கூட்டிவந்தேன்.

கதவு திறந்தது.
மிலென்கா கோட்டுப் பையிலிருந்து
தோலை எடுத்து ஹீட்டர் மேல் வைத்தாள்.
சுருள் நடுவில் அறுந்திருந்தது,
மூன்று துண்டாக.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
சூப்பை அடுப்பில் ஏற்றினேன்.