மரை

எல்லோரும் முன்பக்கம் பார்ப்பார்கள்:
சிலுவை, முடி, ஆண்டு, ஓக் இலை.
நான் கவிழ்த்துத்தான் பார்ப்பேன்,
மீன் வாங்குகிறவன் செவுளைப் பார்ப்பதுபோல.

ஊசி வைத்தது ஊருக்கு ஊர் கிடைக்கும்.
ஊசி ஒரு நாள் வளையும், ஒரு நாள் குத்தும்.
எனக்கு வேண்டியவை முரண்டு பிடித்தவை.
இரு விலாவிலும் கொளுக்கி முளைத்தவை,
கத்தரிபோல் விரிகிற இரட்டை ஊசிக்காரர்,
முதுகில் திருகுத்தண்டு நிமிர்ந்து
அதன்மேல் தட்டு, தட்டில் நாலு துளை,
முடுக்குவதற்கென்றே பிறந்த ஒரு சாவி.
அந்தச் சாவி என்னிடம் இல்லை.
மகளின் கவராயத்தால் சமாளிக்கிறேன்.

பெர்லினில் யாரோ ஒருவன்
பட்டறையில் தலையைச் சொறிந்திருக்கிறான்:
குதிரை பாயும்போது
வீரம் கழன்று சேற்றில் விழுந்துவிட்டால்?

'உங்களுக்குத்தான் மரை கழண்டிருக்கு'
என்பாள் சுகிர்தமலர்.
மறுப்பதில்லை.

தொண்ணூற்றேழில், பம்பலப்பிட்டியில்,
ஸ்பெல்டிவிண்ட் குடும்பம் மெல்பேர்ன் போகும் அவசரத்தில்
கதிரை, பியானோ, கோழிக்கூடு எல்லாம் விற்றது.
பிஸ்கட் டின்னில், பொத்தான்களுக்கு நடுவே
கறுப்பாய்க் கிடந்தது ஒன்று.
1914. வளைந்த முதுகு. திருகுத்தண்டு.
தட்டைக் காணவில்லை.
'எம்டன் கப்பல்காரன் ஒருவனுடையது' என்றார் வீட்டுக்காரர்.
நான் நம்பவில்லை.
எங்களுக்கு எம்டன் என்றால் கப்பலா, ஆள் அல்லவா;
அப்படி ஓர் ஆள்தான் எதிரில் நின்று
இருநூறு கூடக் கேட்டுக்கொண்டிருந்தார்.
கொடுத்தேன்.

அன்றிரவு கிருலப்பனைச் சாவடி.
சட்டைப்பையில் உலோகம், அதில் திருகு,
அடையாள அட்டையில் என் பெயர்.
மூன்றும் சேர்ந்தால் என்னவாகும் என்று
கொழும்பில் யாரையும் கேட்கத் தேவையில்லை.
'ஜெர்மன்' என்றேன். 'பழசு' என்றேன்.
சிங்களம் தொண்டையில் வழுக்கியது.
டோர்ச் வெளிச்சத்தில் அவன்
பதக்கத்தைக் கவிழ்த்தான்.
முன்பக்கத்தை அவனும் பார்க்கவில்லை!
தண்டில் விரல் வைத்து இரண்டு சுற்றுச் சுற்றினான்.
'எங்கட அண்ணாவுக்குக் கொடுத்தது வெறும் ஊசி' என்றான்.
'குத்துறதுக்கு ஆள் இல்லை.
அம்மா ஜன்னல் சீலையில குத்தி வச்சிருக்கிறா,
எம்பிலிப்பிட்டியில.'
பிறகு, 'போ.'

செட்டியார் தெருவில் முத்துலிங்கப் பத்தர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
'தோட்டுச் சுரைதானே, இதென்ன பெரிய வேலை.
எந்த அம்மனுக்கு?'
சொன்னேன்.
'ஆம்பிளை நெஞ்சுக்குத் தோடா!'
கடைப் பொடியன் சிரிப்பை அடக்க வெளியே போனான்.
முதல் சுரை ஏறவில்லை. இரண்டாவதும்.
'இந்த மரை நம்மட மரை இல்லை' என்று
கெட்ட வார்த்தை ஒன்றையும் சேர்த்தார்.
மூன்றாவது, வெள்ளியில்,
பட்டென்று ஏறி நின்றது.

வீட்டில் கதவைச் சாத்திவிட்டு
பழைய அலுவலகச் சட்டை ஒன்றை எடுத்தேன்.
அப்போதுதான் விளங்கியது,
இத்தனை வருடம் பின்பக்கமே பார்த்தும்
விளங்காத விஷயம்:
ஊசி போதுமென்றால் துணி பிழைக்கும்.
இதற்கோ முதலில்
இடது நெஞ்சில் ஓட்டை போடவேண்டும்.
குண்டு வருமுன்
தையற்காரன் கத்தரியோடு வந்திருப்பான்.

வெட்டினேன். நுழைத்தேன். முடுக்கினேன்.
இரண்டு தரம் குதித்தும் பார்த்தேன்
நாற்பத்தாறு வயதில்.
அசையவில்லை.
எம்பிலிப்பிட்டிச் சீலை
பாரம் தாங்காமல் இந்நேரம்
ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும்.

கழற்றினேன்.
சுண்டுவிரல் போகிற துளை,
உள்ளே பெனியன்.

கதவைத் திறந்து சுகிர்தமலர்
சட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
'தைக்கட்டா?'
வேண்டாம் என்றேன்.
தைத்தாள்.
வீட்டில் இருந்தது மஞ்சள் நூல்தான்.