தச்சனுக்குப் பெயர் எழுதவில்லை

கோடு இழுப்பது கிளெயோமெலோஸ்.
கோட்டுக்கு வெளியே இருப்பதெல்லாம் நான்.

முழங்கையைக் கட்டையில் ஊன்றி
மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைவார்:
மூக்கு, முழங்கால், துணிமடிப்பு.
பிறகு ஜாடியை என் பக்கம் தள்ளிவிட்டு
அத்திப்பழம் தின்னப் போவார்.
வடிகட்டி வடிகட்டி எண்ணெய்போல் ஆன சேற்றை
நான் சுற்றிலும் பூசுவேன்.
இப்போது பழுப்பு. சூளையில் கறுக்கும்.
பூசாமல் விட்டது சிவப்பாக நிற்கும்.
அதைத்தான் வீரன் என்பார்கள், தேவி என்பார்கள்.

மீக்கா, கை பத்திரம், என்பார்.
ஒருமுறை ஒரு மல்லனின் கட்டைவிரலைத்
தூரிகை தின்றுவிட்டது.
மேற்கே எங்கோ ஒரு பணக்காரன் வீட்டில்
ஒன்பது விரலோடுதான் அவன்
சிங்கத்தின் கழுத்தை நெரித்துக்கொண்டிருப்பான்.
யாரும் திருப்பி அனுப்பவில்லை.

இந்த வாரம் தண்ணீர்க் குடம். மூன்று கைப்பிடி.
வயிற்றில் ஆர்கோஸ் அரண்மனை.
பேரன் கையால் சாவு என்று குறி கேட்டு வந்து
மகளையும் பிள்ளையையும் பெட்டியில் அடைத்துக்
கடலில் தள்ளப்போகும் அரசன் வலப்பக்கம்,
செங்கோலை ஊன்றியபடி.
இடப்பக்கம் டானாயே. தோளில் பிள்ளை.
நடுவில் பெட்டி, மூடி திறந்து.
அதன்மேல் குனிந்து
வில்துரப்பணம் இழுக்கும் தச்சன்.

தச்சனை எனக்குத் தெரியும்.
எதிர்ச் சந்தில் கட்டில்கால் கடையும் சோஸிபியோஸ்.
அதே சொட்டை. அதே இடுப்புத்துணி.
மாதிரிக்கு நிற்க இரண்டு ஓபோல் கூலி.
"என்ன பெட்டி இது?" என்று கேட்டான்.
சொன்னார்.
இழுத்துக்கொண்டிருந்த வில் நின்றது.
அவன் வீட்டிலும் ஒன்று தவழ்கிறது, பல் முளைக்காதது.
கொஞ்சம் கழித்து,
"பலகை என்ன கனம்?" என்றான்.

விளக்கு வைத்துக்கொண்டு பூசினேன் அன்று.
அரசனைச் சுற்றி, செங்கோலைச் சுற்றி,
பிள்ளையின் காதுமடலைச் சுற்றி
மூன்று மயிர் மட்டும் கட்டிய தூரிகையால்.
கடலை அவர் வரையவில்லை.
நான் பூசியதுதான் கடல் என்று
பாதி ராத்திரியில் பட்டது.
அப்போதுதான் கோட்டைத் தாண்டி உள்ளே போனேன்.
பெட்டியின் பக்கவாட்டில்,
படுத்தால் பிள்ளையின் முகம் வரும் உயரத்தில்,
ஒரு புள்ளி வைத்தேன்.
எள்ளளவு.
மூச்சுவிட.

காலையில் கிளெயோமெலோஸ்
பெட்டிமேல் இருந்த நட்சத்திர வேலைப்பாட்டை எண்ணினார்.
புள்ளியை அவற்றோடு சேர்த்துக்கொண்டார் போல.
பிறகு என் பூச்சின்மேல் செம்மண்ணால் பெயர்கள்.
எனக்கு எழுத்து தெரியாது, எண்ணத் தெரியும்.
அரசனுக்கு எட்டு எழுத்து.
டானாயேவுக்கு ஐந்து.
பால்குடிக்குக்கூட ஏழு.
தச்சனுக்கு ஒன்றும் எழுதவில்லை.
இடம் இருந்தது.
அந்த இடத்தை நானே அல்லவா பூசினேன்.

சூளையில் பச்சை விறகைத் திணித்துப்
புகைவாயை அடைத்தார்கள்.
அந்த நேரத்தில் உள்ளே எல்லாம் ஒரே கறுப்பு;
அரசன் இல்லை, பிள்ளை இல்லை, பெட்டி இல்லை.
திறந்துவிட்டால் விட்ட இடம் மட்டும் சிவந்து திரும்பும்.
எத்தனை தடவை பார்த்தாலும்
திறக்கும்வரை எனக்கு வயிறு பிசையும்.

சோஸிபியோஸ் வந்து பார்த்தான்.
அரசனைப் பார்க்கவில்லை. தன் முகத்தையும்.
நேராகப் பெட்டிக்குப் போனான்.
புள்ளிமேல் சுண்டுவிரலை வைத்தான்.
யார் வைத்தது என்று கேட்கவில்லை.
"இன்னும் இரண்டு விரல் மேலே இருக்கணும்," என்றான்.
"அலை உள்ளே வரும்."

சுட்டதை மாற்ற முடியாது.
வைக்கோல் சுற்றிக் கழுதைமேல் ஏற்றித்
துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள்.
எப்படியோ அந்தப் பெட்டி
கடலுக்குத்தான் போயிற்று.

அன்றிரவு வடகாற்று.
தூக்கம் வரவில்லை.
எழுந்துபோய் அடுத்த ஜாடிக்குச் சேறு கரைத்தேன்.