உடம்படுமெய்

ஓல்ட்டன் நிலையத்தில் ஏழாம் மேடைக்கு
ஏறும் படிகளில் பதினொன்றாவது.
மாசி மாதம், விடிய ஐந்து பத்து.
ஆராவ் வண்டி கதவை மூடப்போகிறது என்று
எட்டிக் கால் வைத்தேன்.
கெண்டைக்காலில் யாரோ கல்லால் எறிந்தார்கள்.
திரும்பிப் பார்த்தால் ஒருவருமில்லை.
ஒரு புறா.
அதற்குக் கையில்லை.

“தசையும் அல்ல, நாணும் அல்ல,” என்றாள் ரெகுலா,
“இரண்டும் சேருகிற இடம்.”
அப்படியொரு இடம் இருப்பதே
நாற்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது.
கயிற்றோடு கயிறு முடிந்த மாதிரி
ஏதோ ஒரு முடிச்சு என்றிருந்தேன்.
திரையில் காட்டினாள். சாம்பல் நிறப் படம்,
பல்லாயிரம் மடங்கு பெருப்பித்தது.
முடிச்சே இல்லை.
தசை தன் நுனியில் விரல் விரலாய்ப் பிரிந்து
நாணுக்குள் போகிறது.
நாண் விரலிடுக்கெல்லாம் வந்து அப்பி நிற்கிறது,
மாப் பிசைந்துகொண்டிருந்த கையை
யாரோ கூப்பிட, அப்படியே நிறுத்தினதுபோல.

பாரம் ஏற்ற ஏற்ற
விரல்கள் கிளைக்குமாம், மடிப்பு ஆழமாகுமாம்.
இழுப்பு அதே இழுப்புத்தான்,
பிடித்துக்கொள்ள இடம் கூடும்.

படி விளிம்பில் முன்பாதம்.
இரண்டு காலால் ஏறு. ஒற்றைக் காலால் இறங்கு,
மூன்று எண்ணும்வரை.
“லங்ஸாம், லங்ஸாம். ஏறுவதில் ஒன்றுமில்லை,
இறங்குவதுதான் மருந்து.”
முதுகுப்பையில் முதலில் ஐந்து கிலோ அரிசி,
பிறகு பத்து,
எட்டாம் கிழமை மகனுடைய இரசாயனப் புத்தகங்களும்.

காப்புறுதிக் கடிதம் கேட்கிறது:
திருமதி பத்மலோஜினி, எந்தத் தேதியிலிருந்து
நூறு வீதம் வேலை செய்வீர்கள்?
மருத்துவர் நாற்பது வீதம் என்று எழுதுகிறார்.
அடுத்த மாதம் அறுபது.
எந்த நாற்பது என்று யாரும் கேட்கவில்லை.

ஐந்தாம் கிழமையே தசை தயார்.
படியைக் கண்டால் கெண்டை துள்ளுகிறது.
நாணுக்கு அவசரமில்லை.
“அது அப்படித்தான்,” என்று
பட்டியைச் சுருட்டியபடி ரெகுலா சொன்னாள்:
குதிநாணின் உள்மையம்
பதினேழு வயதளவில் கட்டி முடிந்துவிடும்,
பிறகு அநேகமாய்ப் புதுப்பிக்கப்படுவதில்லை,
அப்படித்தான் ஆய்வில் கண்டிருக்கிறார்கள்.

பதினேழில் நான் வவுனியாவில்
ஒரு வரிசையில் நின்றேன்.
எதற்கு நின்றேன் என்பது இங்கே வேண்டாம்.
நின்ற கால் இது. உள்ளே அன்றைய இழை.
தசை அப்படியில்லை. அது ஹேர்க்கிங்கன் தசை,
பொதி பிரிக்கும் மண்டபத்தில் இருபத்திரண்டு வருடம்
ஊராருடைய சப்பாத்துப் பெட்டிகளைத் தூக்கி
இந்த ஊர்ப் பாலும் பாணும் தின்று
இடித்திடித்துத் திரும்பக் கட்டியது.
இரண்டும் ஒரே காலில்.
இடையில் கிழிந்ததில் என்ன அதிசயம்?

நிலைமொழியின் கடைசியில் உயிர்,
வருமொழியின் முதலில் உயிர்,
நேருக்கு நேர் ஒட்டாது.
நடுவே ஒரு மெய் வரவேண்டும், ய் அல்லது வ்.
சோதனைக்காகப் பாடமாக்கியது;
ஒரு பிள்ளைக்கும் தோன்றவில்லை
மெய் என்றால் உடம்பு என்று.
இப்போது காலில் எழுதிக் காட்டுகிறது.

கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை.

இந்த நிலையத்தில் ஒரு கல் இருக்கிறது,
நாட்டின் தண்டவாளத்தை அளக்கத் தொடங்கிய பூச்சியம்.
போய்ப் பார்த்தேன். நட்ட இடத்திலேயே நிற்கிறது.
எனக்கு எறிந்தது அதுவல்ல.

வைகாசி, விடிய ஐந்து பத்து.
பதினொன்றாம் படி. முதுகில் பதினான்கு கிலோ.
கோப்பிக் குவளையோடு ஓடிவந்தவர் நின்று
உதவி வேண்டுமா என்கிறார்.
தலையாட்டிவிட்டு
வலது குதியை விளிம்புக்குக் கீழே விடுகிறேன்.
ஒன்று.
இரண்டில் வண்டி போகிறது.
ஐந்து நாற்பதுக்கு இன்னொன்று உண்டு.