பதினொன்று

இது எந்த இடம் என்று கேட்டேன்.
"பதினொன்னாவது வளைவு" என்றார் பெலவேந்திரன்.
கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து
இடப்பக்கம் ஒடித்தார். முழங்கை வரை வியர்வை.
"ஆரன் அடி, மேலேர்ந்து லாரி வருது."
அடித்தேன், வாயால்.
ராத்திரி ஒன்றேகால், சேலம் பெரியாஸ்பத்திரி.
வார்டின் கோடியில் யாரோ பதில் ஆரன் அடித்தார்கள்.

ஆறு நாளாகத் தூங்கவில்லை என்றாள் சகாயராணி.
"மொதல்ல சந்தோஷந்தான் டாக்டர்.
அடிவாரத்துல பஸ்ஸ நிறுத்தி
ஆளுக்கொரு தட்டுவடை செட்.
அப்புறம் பாட்டு.
நேத்துலேர்ந்து என்னைக் கண்டக்டர்ங்கறாரு.
உடுப்பைக் கழட்டிட்டுக் குழாயடியில
வாளி வாளியா ஊத்திக்கறாரு."
சொல்லிக்கொண்டே, நனைந்த வேட்டியை
நான் பார்க்காதபடி கட்டைப்பைக்குள் திணித்தாள்.

வெறும் மேனியா என்றுதான் எழுதினேன்.
ஹாலோபெரிடால் என்றும் எழுதினேன்.
நாடி பார்க்கக் கையைத் தூக்கி
விட்டேன்.
கை அங்கேயே நின்றது.
காய்ச்சல் நூற்றிரண்டு.
கிழமை கேட்டால் வளைவின் எண்ணைச் சொல்கிறார்.
மேனியா, டெலிரியம், கேட்டடோனியா,
மூன்று பேரும் ஒரே சீட்டில்.
எழுதிய மருந்தைக் குறுக்கே அடித்தேன்.
இந்த நிலையில் அந்த ஊசி
உடம்பை இறுக்கும், சூட்டை ஏற்றும்.
ஒருத்தியை அப்படிப் பார்த்திருக்கிறேன்.
அவள் பெயர் இங்கே வேண்டாம்.

மூளைப் படத்தில் ஒன்றுமில்லை.
முதுகுத்தண்டு நீர் தெளிந்திருந்தது,
ஏரித் தண்ணீரை விடவும்.
லோராசிபாம், நரம்பில், மெதுவாக,
மூச்சை எண்ணிக்கொண்டே.
நாலு மணிக்கு மறுபடி.
விடியும்போது ஒரு மணிநேரம் தூங்கினார்.
விழித்ததும் பதினேழு வரை ஏறிப் போனார்,
அங்கிருந்து ஒன்பதுக்கு உருண்டார்.

"கரண்டு வைப்பீங்களா?"
வைப்போம். மயக்கம் கொடுத்துத்தான்.
"சினிமாவுல..."
சினிமா வேறம்மா.
கையெழுத்துப் போட்டாள்.
என் பேனாவை அவள் திருப்பித் தரவில்லை,
நானும் கேட்கவில்லை.

மூன்றாவது முறைக்கு மறுநாள்.
ஜன்னலில் சேர்வராயன் மலை, பாதி மேகம்.
இது எந்த இடம்?
வெகுநேரம் பார்த்தார்,
என்னை, சலைன் கம்பியை,
பிடிப்பதற்கு எதுவுமில்லாத தன் கையை.
"ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு."
அப்புறம், குரலைத் தாழ்த்தி:
"பஸ்ல ஆள் இருந்தாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் சகாயராணி சொன்னாள்,
"நாப்பத்திரெண்டு பேரு.
எல்லாரும் எறங்கிட்டாங்க.
தட்டுவடைக் காசுதான் இன்னும் குடுக்கல."