மிச்சம் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து

ஐஸ் தொழிற்சாலை முதலாளி
ஆள்விட்டுக் கொடுத்தனுப்பிய முற்பணம்
ஒரே ஒரு தாள். ஐயாயிரம்.
வவுனியாவில் மடித்த மடிப்பு
இன்னும் கலையவில்லை.
வழிச்செலவுச் சில்லறை
ஹொரவப்பொத்தானையில் ஒரு தேத்தண்ணியோடு தீர்ந்தது.

திருகோணமலை பஸ் நிலையத்தில்
யாரோ வீசிய பயணச்சீட்டை
வெற்றிலைபோல மென்றுகொண்டு நின்றது
ஒரு மான்.
கும்புறுப்பிட்டிக்கு எவ்வளவு என்று விசாரித்தேன்.
வடைக்காரர் எழுபது என்றார்.
நேரக்காப்பாளர் நூற்றிப்பத்து என்றார்.
ஆட்டோக்காரர் ரெண்டாயிரம் என்று சொல்லி
என்னை மேலும் கீழும் பார்த்து
'உங்களுக்கு ஆயிரத்து எண்ணூறு' என்றார்.
என் முகத்தில் எதைக் கண்டு
இருநூறைக் குறைத்தாரோ.

புல்மோட்டை பஸ்ஸில் ஏறி
தாளை நீட்டினேன்.
கொண்டக்டர் நஸ்மீர் அதைத் தொடவில்லை முதலில்.
பாம்புக்குட்டியைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.
'விடியக்காலமையே இதென்ன அண்ணன்?'
பிறகு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து,
தோற்பைக்குள் எங்கோ ஆழத்தில் வைத்து,
சீட்டைக் கிழித்துப் பின்பக்கத்தில்
பேனையால் எழுதித் தந்தான்:
4910.
அவ்வளவுதான். கையொப்பம்கூட இல்லை.

உப்புவெளியில் கடல் வந்தது என்கிறார்கள்.
சாம்பல்தீவுப் பாலத்தில்
இரு பக்கமும் தண்ணீர் மினுங்கும் என்கிறார்கள்.
நான் பார்த்தது தோற்பை.
அது முன்னால் போனால் என் கழுத்தும் முன்னால்,
பின்கதவுக்குப் போனால் பின்னால்.
அவன் மிதிபலகையில் தொங்கி
'நிலாவெளி, நிலாவெளி' என்று கத்தும்போதெல்லாம்
என் ஒரு மாதச் சோறு
காற்றில் தொங்கியது.
குளிரூட்டியில் வாயு கசிந்தால்
சவர்க்கார நுரை பூசிக் கண்டுபிடிப்பேன்.
மனிதனில் கசிவு பார்க்க
எதைப் பூசுவது?

கும்புறுப்பிட்டி வந்தது.
இறங்கவில்லை.
'மிச்சம்' என்றேன்.
'பொறுங்க' என்றான்.
ஊர் போய்விட்டது.

அதன்பிறகுதான் அவன் கூவினான்,
சிங்களத்திலும் தமிழிலும்:
'ஐயாயிரத்துக்கு மாத்து இருக்கா?
இவர் இறங்க ஏலாம நிக்கிறார்!'
பஸ் முழுக்கத் திரும்பி
என் வறுமையையும் பணக்காரத்தனத்தையும்
ஒரே நேரத்தில் பார்த்தது.

கடற்படைப் பொடியன் ஒருவன்
ஆயிரத்தில் இரண்டு உருவினான்.
இறக்கக்கண்டியில் ஏறிய தொப்பிக்காரர்
'ஐந்நூறு மட்டும்தான் வாப்பா, எண்ணிப் பாருங்க' என்றார்.
கடைசி இருக்கையில் ஞானவதி அக்கா
மீன்பெட்டியில் கால் ஊன்றியபடி
சட்டைக்குள்ளிருந்து பொலித்தீன் பையை எடுத்து
நூறு, ஐம்பது, இருபது என்று
ஈரம் ஈரமாகப் பிரித்தாள்.
'நனைஞ்சிருக்கு. செல்லும்.'
யாருக்கு யார் எவ்வளவு,
யாருக்கு ஐயாயிரத்தில் எந்தப் பங்கு
என்ற கணக்கு என் தலைக்கு மேலே
இரண்டு மொழியில் நடந்தது.
சாரதி கண்ணாடியில் பார்த்து
ஒரு தீர்ப்பும் சொன்னார். எனக்குப் புரியவில்லை.

குச்சவெளியில் இறக்கினான்.
எதிரே வந்த பஸ்ஸைக் கைகாட்டி மறித்து
'இவரிட்ட காசு எடுக்காத, பிழை என்ட' என்றான்.
நன்றி சொல்லத் திரும்பினேன்.
தோற்பை போய்விட்டது.

மூன்று நாள் கொம்பிரசருக்குள் தலைவிட்டுக் கிடந்தேன்.
இரவில் எண்ணினேன்:
முதல் தரம் இருபது குறைந்தது.
இரண்டாம் தரம் பத்துக் கூடியது.
மூன்றாம் தரம் தூங்கிவிட்டேன்.

வவுனியாவில் சவர்க்காரம் வாங்க
ஒரு நூறை நீட்டினேன்.
ஓரத்தில் மீன்செதில் ஒன்று
ஒட்டிக் காய்ந்திருந்தது.
கடைக்காரன் மோந்து பார்த்தான்.
'திருகோணமலையோ? கடல் பாத்தனீரோ?'

'ஓம்' என்றேன்.