வெடித்த மூடி

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள்.
ஷெப்பர்டனில் மாசி என்றால் நாற்பது பாகை வெயில்,
அதன் நடுவே பத்து நிமிட ஆலங்கட்டி.
துளைத்தது பேரிக்காயை.

ஒரு வடு போதும்,
டப்பாத் தொழிற்சாலை திருப்பி அனுப்பிவிடும்.
என் விண்ணப்பமும் ஒருமுறை அப்படித் திரும்பியது.
கார்மெலோ தொப்பியைக் கழற்றி,
பதினேழு பெட்டிகளை எண்ணி,
மறுபடி போட்டுக்கொண்டார்.

கொத்தினோம்.
மூன்று பங்கு பழம், ஒரு பங்கு சர்க்கரை.
மயூரதி பொங்கலுக்கு வாங்கி மிஞ்சிய வெல்லமும்
அதே நீலப் பீப்பாய்க்குள் போனது.
மூடியை இறுக்கியது நான்தான்.

மூன்றாம் இரவு வெடித்தது.
நஜீப் தரையில் குப்புறப் படுத்துவிட்டான்.
நானும்.
அவனுக்குக் காபூல், எனக்குப் புதுக்குடியிருப்பு.
கொஞ்ச நேரம் கழித்து
கூரையிலிருந்து கூழ் சொட்டி
அவன் காதில் விழுந்தது.
சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆனது.

இப்போது துணிதான் கட்டுகிறோம்.
உள்ளே எதுவோ முணுமுணுக்கிறது,
கள்ளுமில்லை காடியுமில்லை, அப்படியொரு வாசம்.
குளவிகள் முறைவைத்து வருகின்றன.
கார்மெலோ தினமும் முகர்ந்து பார்க்கிறார்,
ஒருநாள் விரலால் தொட்டு நக்கியும் பார்த்தார்.

ஒரு குவளைக்கு ஐந்நூறு குவளை தண்ணீர்.
கூடினால் வேர் கருகும்.
நான்காம் வரிசையில்
காய் உதிர்த்த அதே மரத்தடியில் ஊற்றினேன்.
வடுவா, எங்கே, எத்தனை,
ஒன்றும் கேட்கவில்லை மண்.
ஒரே மடக்கு.

நஜீப் அடுத்த வாளியைத் தூக்குகிறான்.
அந்த மூடி
எங்கே போய் விழுந்ததோ,
இன்னும் யாரும் தேடவில்லை.